தேசிய பூங்காவில் ஏதாவது நடந்தால்: யாரை அழைப்பது, நீங்கள் என்ன செய்வது?

சுண்டிக்குளம் பக்கம் விறகு பொறுக்கவோ மாடு தேடவோ போகிறீர்கள். பற்றைக்குள் கட்டுத்துவக்கு (கயிற்றில் தட்டினால் வெடிக்கும் பொறித்துவக்கு) ஒன்று கட்டியிருப்பது கண்ணில் படுகிறது. அல்லது வெற்றிலைக்கேணிக் கரையில் ஒரு திமிங்கிலம் உயிரோடு ஒதுங்கிக் கிடக்கிறது. அல்லது பூங்கா எல்லையில் உத்தியோகத்தர்கள் உங்கள் உழவு இயந்திரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். இந்த மூன்றிலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் ஒன்று பயந்து ஒதுங்குகிறோம், இல்லையென்றால் செய்யக்கூடாததைச் செய்துவிடுகிறோம்.

பூங்காவில் நடக்கும் குற்றங்களையும் அவசர நிலைகளையும் யார் கையாளுகிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு அதிகாரம், உங்களுக்கு என்ன உரிமை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் தேசிய பூங்கா இருக்கிறதா?

இருக்கிறது. குடாநாட்டின் தென்கிழக்கு வாசலில் சுண்டிக்குளம் தேசிய பூங்கா. தீவுப் பகுதியில் நெடுந்தீவு தேசிய பூங்கா.

சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2015 ஜூன் 22 அன்று அது தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. பரப்பு சுமார் 19,565 ஹெக்டேயர். கடல்நீரேரியும் உவர்ச் சதுப்பும் பற்றைக்காடும் கலந்த நிலம் அது. மாரி காலத்தில் பூநாரைகளும் வெளிநாட்டு வாத்துகளும் வந்து இறங்கும்.

நெடுந்தீவின் ஒரு பகுதியும் அதே 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. பரப்பு சுமார் 1,846 ஹெக்டேயர். தீவின் மற்றப் பகுதியில் மக்கள் குடியிருக்கிறார்கள். கட்டற்றுத் திரியும் குதிரைகளைப் பார்க்க அங்கே போகிறவர்கள் பலர்.

சரணாலயத்துக்கும் தேசிய பூங்காவுக்கும் என்ன வித்தியாசம்?

உங்களைப் பாதிக்கும் வித்தியாசம் பெரியது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். ஆட்கள் குடியிருக்கலாம், வந்து போகலாம். தேசிய பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் நுழைவதும் உள்ளே தங்குவதும் குற்றம்.

ஆகவே 2015 க்கு முன் நீங்கள் தாராளமாகப் போய்வந்த ஓர் இடம் இன்று அனுமதி தேவைப்படும் இடமாக மாறியிருக்கலாம். "அப்பா காலத்திலிருந்து போகிற வழி" என்ற விளக்கம் மட்டும் நீதிமன்றத்தில் போதாது. எல்லை எங்கே ஓடுகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவைக் காப்பவர்கள் யார்?

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள். 1949 இல் தொடங்கப்பட்ட திணைக்களம் இது. அவர்கள் கையில் இருக்கும் முக்கியமான சட்டம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 1993 இலும் 2009 இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் முக்கியமானவை.

பெயர் ஒத்திருப்பதால் பலர் இவர்களை வனவளத் திணைக்களத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். வனவளத் திணைக்களம் ஒதுக்கப்பட்ட காடுகளையும் மரங்களையும் பார்ப்பது. வனஜீவராசிகள் திணைக்களம் தேசிய பூங்கா, சரணாலயம், காட்டு விலங்கு ஆகியவற்றைப் பார்ப்பது. மீன்பிடி முறைகள் கடற்றொழில் திணைக்களத்தின் பொறுப்பு. மணல் அகழ்வுக்கு அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். சரியான கதவைத் தட்டினால் பாதி வேலை அங்கேயே முடியும்.

வெளிநாட்டுப் பூங்காக்களில் ரேஞ்சர்களே எல்லாம் செய்கிறார்களே, இங்கும் அப்படியா?

இல்லை. அமெரிக்காவின் பெரிய பூங்காக்களில் ரேஞ்சரே பொலிஸ், அவரே மீட்புப் பணியாளர், முதலுதவி செய்பவரும் பல வேளைகளில் அவரே. நம்முடைய உத்தியோகத்தரிடம் சட்ட அதிகாரம் இருக்கிறது. ஆனால் நோயாளர் வண்டியோ தீயணைப்பு வாகனமோ அவர் பின்னால் நிற்பதில்லை. பரந்த நிலத்தைக் கொஞ்சப் பேர் காக்கிறார்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? ஏதாவது நடந்தால் அந்த இடத்தில் முதல் ஆள் நீங்களாகவே இருப்பீர்கள். உதவி வந்து சேரும் வரை என்ன செய்வது என்பதும், எந்த உதவியை எங்கிருந்து அழைப்பது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த இலக்கத்தை அழைப்பது?

இவற்றைக் கைபேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

காட்டு விலங்கு, வேட்டை, பூங்காக் குற்றம்: 1992 (வனஜீவராசிகள் திணைக்களம்).

ஆளுக்குக் காயம், பாம்புக்கடி, திடீர் நோய்: 1990 (சுவசெரிய இலவச நோயாளர் வண்டி). 2018 ஜூலையிலிருந்து வட மாகாணத்திலும் இந்தச் சேவை இருக்கிறது.

பொலிஸ் அவசரம்: 119. வெள்ளம், புயல்: 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்). கடலில் ஆபத்து: 106 (கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம்).

அழைக்கும்போது இடத்தை முதலில் சொல்லுங்கள். கிராம அலுவலர் பிரிவு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது சந்தி, அங்கே வாகனம் வரக்கூடிய பாதை இவை மூன்றும் போதும். பிறகுதான் என்ன நடந்தது என்பது. பேச்சு இடையில் துண்டிக்கப்பட்டாலும் இடம் தெரிந்தால் உதவி வரும்.

எவையெல்லாம் குற்றம்?

பூங்காவுக்குள் விலங்கை வேட்டையாடுவது, காயப்படுத்துவது, பிடிப்பது, முட்டை எடுப்பது, கூட்டைக் கலைப்பது, மரம் வெட்டுவது, காணி துப்புரவாக்குவது, தீ வைப்பது, துவக்கோ பொறியோ கொண்டு நுழைவது. இவை எல்லாம் குற்றம்.

பூங்காவுக்கு வெளியே பிடித்தால் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது. நம் ஊரில் நிறையப் பேர் சிக்குவது இங்கேதான். சட்டத்தின் பட்டியலில் விலக்கப்பட்ட சில இனங்களைத் தவிர, பாலூட்டிகளும் ஊர்வனவும் பறவைகளும் நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்டவை. உங்கள் வளவுக்குள் வந்தாலும் அப்படித்தான்.

உடும்பு, மான், மயில், நட்சத்திர ஆமை, முதலை, மலைப்பாம்பு, பூநாரை, கடற்பசு (மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புல் மேயும் பாலூட்டி) எல்லாம் இதற்குள் அடங்கும். கொல்வது மட்டுமல்ல, உயிரோடு வைத்திருப்பதும் விற்பதும் இறைச்சியைக் கையில் வைத்திருப்பதும் குற்றமே. "நான் பிடிக்கவில்லை, வாங்கித்தான் சாப்பிட்டேன்" என்பது உங்களைக் காப்பாற்றாது.

கடலாமை இறைச்சி நம் பக்கத்தில் காலங்காலமாக உண்டதுதானே?

உண்டதுதான். ஆனால் 1972 முதல் கடலாமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன: பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை. ஐந்துமே பாதுகாக்கப்பட்டவை.

சட்டத்தை விட்டாலும் உயிர்ப் பயம் ஒன்று உண்டு. ஆமை இறைச்சி, குறிப்பாக அழுங்காமையின் இறைச்சி, சில வேளைகளில் கடும் நஞ்சாக மாறும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி உண்ட 28 பேரில் 18 பேர் அன்றிரவே இறந்ததாக ஆங்கிலேயர் கால அதிகாரி எமர்சன் டெனன்ட் பதிவு செய்திருக்கிறார். எந்த ஆமையின் இறைச்சி நஞ்சு என்று பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம்.

வலையில் தானாகவே ஆமை மாட்டிக்கொண்டால்?

கடற்றொழிலாளர் மனதில் முதலில் எழும் பயம் இதுதான். தவறுதலாகப் பட்டதை உடனே உயிரோடு விட்டுவிடுங்கள். சிக்கல் பெரும்பாலும் தொடங்குவது ஆமையைக் கரைக்குக் கொண்டு வரும்போதுதான்.

வலையை இழுத்துப் பிய்க்காமல் வெட்டி விடுங்கள். தூண்டில் ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்க வேண்டாம். கயிற்றை வாய்க்கு அருகில் வெட்டுங்கள். ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, நிழலில், ஈரத் துணியால் போர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து சில மணித்தியாலங்களில் தெளியக்கூடும். மூக்கை மட்டும் மூட வேண்டாம். விடும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு மெல்ல இறக்குங்கள்.

கட்டுத்துவக்கு, கண்ணி, வெங்காய வெடி கண்டால்?

தொட வேண்டாம். கழற்றிப் போட்டுவிடலாம் என்ற நல்ல எண்ணமும் வேண்டாம். கட்டுத்துவக்கின் கயிறு எந்தப் பக்கம் போகிறது என்பது பற்றைக்குள் தெரியாது. வெங்காய வெடி (இரைக்குள் மறைத்து வைக்கும் வெடிமருந்து உருண்டை) கையில் அழுத்தினாலே வெடிக்கும். வேலிக்கு மின்சாரம் பாய்ச்சியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் கம்பிக்கு அருகில் போகவே வேண்டாம்.

வந்த காலடியிலேயே திரும்புங்கள். தூரத்தில் இருந்து ஒரு படம் எடுங்கள். 1992 க்கோ 119 க்கோ சொல்லுங்கள். ஆடு மாடு மேய்ப்பவர்களையும் எச்சரியுங்கள்.

தகவல் சொன்னால் ஊரில் பகை வருமே என்ற தயக்கம் நியாயமானது. உங்கள் பெயரை வெளியே விட வேண்டாம் என்று அழைக்கும்போதே கேளுங்கள். வேட்டைக்காரனை நீங்களே மறித்து நிற்பது மட்டும் வேண்டாம். அவன் கையில் துவக்கு இருக்கும்.

போர்க்காலத்து வெடிபொருள் கிடைத்தால்?

ஆனையிறவு, முகமாலை, வெற்றிலைக்கேணி, சுண்டிக்குளம் எல்லாம் போர்முனையாக இருந்த நிலம். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்தது. துப்புரவான இடத்திலும் மழை மண்ணை அரித்தால், அல்லது தீ புல்லை எரித்தால், பழையது வெளியே வரலாம்.

துருப்பிடித்த இரும்பு, பிளாஸ்ரிக் மூடி, வயர் துண்டு எதுவானாலும் காலால்கூடத் தட்ட வேண்டாம். வந்த தடத்திலேயே பின்வாங்கி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, 119 க்கு அறிவியுங்கள். பழைய இரும்பு பொறுக்கி விற்கும் பிள்ளைகளுக்கு இதை வீட்டில் இருந்தே சொல்லிக் கொடுங்கள்.

பாம்பு கடித்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தை அழைப்பதா?

இல்லை, 1990. முதலில் உயிர். பாம்பைப் பற்றி பிறகு பேசலாம்.

குடாநாட்டில் கவனிக்க வேண்டியவை நாகம், புடையன், எட்டடி விரியன், சுருட்டை. இந்த நான்கு வகையின் நஞ்சுக்கும் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாற்று மருந்து ஒன்றே. ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டு போகத் தேவையில்லை. அப்படிப் போகும்போதே இன்னொரு கடி விழலாம். பாதுகாப்பான தூரத்தில் இருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள்.

கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். கடிபட்ட கை, காலை அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு, கொலுசு கழற்றுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், கத்தியால் கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். எட்டடி விரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, கண் இமை சரிதல், பேச்சுக் குழறல் என்று யாராவது சொன்னால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

முதலை, மலைப்பாம்பு வீட்டுப் பக்கம் வந்தால்?

மாரி வெள்ளத்தில் இது நடக்கும். நீர் ஏறும்போது விலங்கும் மேட்டைத் தேடும். 1992 க்குச் சொல்லுங்கள். ஆள் வரும் வரை நாயைக் கட்டுங்கள், சனத்தைத் தள்ளி நிறுத்துங்கள், விலங்கு திரும்பிப் போக ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். சுற்றி நின்று கல்லெறிந்து படம் எடுக்கும்போதுதான் அது பாயும். முதலையைக் கயிற்றில் கட்டி இழுப்பது உங்களுக்கு ஆபத்து, சட்டப்படி குற்றமும் ஆகும்.

காயப்பட்ட பறவை கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைத்து அறிவியுங்கள். இரக்கத்தால் எடுத்ததையும் கூட்டில் போட்டு வளர்த்தால் கேள்வி வரும்.

திமிங்கிலமோ ஓங்கிலோ கரையொதுங்கினால்?

2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் கரையோரப் பாதுகாப்புத் துறையினரும் ஊர்மக்களும் இரவிரவாக நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஊர்மக்கள் இறங்காவிட்டால் அது முடிந்திருக்காது.

உங்கள் கரையில் அப்படி நடந்தால் 1992 க்கும் 106 க்கும் சொல்லுங்கள். உடம்பை ஈரத் துணியால் மூடி நீர் தெளியுங்கள். தலைக்கு மேல் உள்ள மூச்சுத் துளைக்குள் நீரோ மண்ணோ போகவிடாதீர்கள். வாலில் கயிறு கட்டி இழுத்தால் முள்ளந்தண்டு உடையும். வால் வீசும் தூரத்துக்குள் பிள்ளைகளை விடாதீர்கள்.

இறந்து ஒதுங்கியதைத் தொட வேண்டாம், நோய் தொற்றலாம். அதன் வயிற்றில் இருந்து கிடைப்பதாகச் சொல்லப்படும் அம்பரைத் தேடி வெட்டுவதும் விற்பதும் கைதில் முடியும். இலங்கையில் அதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம்.

உத்தியோகத்தர் என்னை நிறுத்தினால் அவரால் என்ன செய்ய முடியும்?

அவர்களுக்கு அதிகாரம் நிறைய இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வாகனத்தையும் படகையும் பொதியையும் சோதிக்கலாம். பொறி, துவக்கு, இறைச்சி, வாகனம் எல்லாவற்றையும் கைப்பற்றலாம். பிடியாணை (நீதிமன்றக் கைதுக் கட்டளை) இல்லாமலே கைது செய்யலாம். குற்றம் நிரூபணமானால் படகும் வாகனமும் அரசுடைமையாகலாம். உழவு இயந்திரத்தை வாடகைக்குக் கொடுப்பவர்கள் எதற்கு என்று கேட்டு, பெயரை எழுதி வைத்துக் கொடுப்பது நல்லது.

ஆகவே ஓட வேண்டாம், தடுக்க வேண்டாம், வாய்த் தகராறு வேண்டாம். கடமையைத் தடுத்தல் என்பது தனியாக இன்னொரு குற்றம்.

எனக்கு என்ன உரிமை?

அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை உங்களுக்குத் துணை. ஏன் கைது செய்கிறீர்கள் என்று கேட்கலாம். அவர்கள் சொல்லியாக வேண்டும். சாதாரண சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டு போக வேண்டும்.

உத்தியோக அடையாள அட்டையைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். கைப்பற்றியவற்றின் பட்டியலைக் கேளுங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள்.

தண்டம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. பற்றுச்சீட்டு இல்லாமல் யார் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். இலஞ்சம் பற்றிய முறைப்பாட்டுக்கு 1954. அடித்தார்கள், மிரட்டினார்கள் என்றால் உடனே அரச வைத்தியரிடம் காட்டி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

என் காணியையே பூங்கா எல்லைக்குள் போட்டுவிட்டார்களே?

இந்த வருத்தம் சுண்டிக்குளம் பக்கத்திலும் நெடுந்தீவிலும் உண்மையாக இருக்கிறது. போரால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள், தாங்கள் அறிந்த வயலுக்கும் வாடிக்கும் நடுவில் எல்லைக்கல்லைக் கண்டார்கள். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய பூங்காவாக அறிவிக்கக் கூடியது அரச காணியை மட்டுமே. உறுதிக் காணி (தனியார் உரிமை கொண்ட காணி) என்றால் உங்கள் வாதம் வலுவானது. அனுமதிப்பத்திரக் காணி (அரசு பயிர்ச்செய்கைக்குக் கொடுத்தது) என்றால் அது அரச காணியாகவே கருதப்படும். ஆனாலும் பத்திரத்தின் நாளும் நிபந்தனையும் உங்களுக்கு உதவும்.

செய்ய வேண்டியவை: உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, பழைய வரைபடம் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். பிரதேச செயலகத்தில் வர்த்தமானி (அரசின் அறிவித்தல் இதழ்) எல்லை விவரத்தைக் கேளுங்கள். வாய்ச்சொல்லாகத் திருப்பி அனுப்பினால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறகு எல்லையை அளந்து காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். கடற்றொழில், மேய்ச்சல் போன்ற பொது உரிமைகளுக்குத் தனியாகப் போகாமல் சங்கம் வழியாகப் போவது பலன் தரும்.

அளவை முடியும் வரை எல்லைக்கல்லைப் பிடுங்குவதோ தீ வைத்து வெளியாக்குவதோ வேண்டாம். நியாயமான உங்கள் வழக்கு அந்த ஒரு செயலால் குற்றவழக்காக மாறிவிடும்.

எல்லைக்கு வெளியே கட்டடம் கட்டலாம்தானே?

கவனியுங்கள். தேசிய பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலையானாலும், அரசு செய்தாலும் தனியார் செய்தாலும், வனஜீவராசிகள் திணைக்களத் தலைமையின் எழுத்து மூல ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். விடுதி, இறால் பண்ணை, வீதி, மணல் அகழ்வு எல்லாம் இதில் அடங்கும். பிரதேச சபை அனுமதி மட்டும் போதாது. கடன் எடுத்து வேலை தொடங்கும் முன் இதை உறுதி செய்யுங்கள்.

விலங்கால் உயிர்ச்சேதமோ காயமோ வந்தால் இழப்பீடு உண்டா?

திணைக்களத்தில் அதற்கான திட்டம் இருக்கிறது. தாமதித்தால் சான்று போய்விடும். அன்றே பொலிஸில் முறைப்பாடு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வைத்திய அறிக்கை, படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, கிட்டிய வனஜீவராசிகள் அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள்.

சுற்றிப் பார்க்க மட்டுமே போகிறேன். எனக்கு என்ன?

சீட்டு எடுங்கள், சீட்டை வெளியே வரும் வரை வைத்திருங்கள். நெடுந்தீவுக் குதிரைகளைத் துரத்தாதீர்கள், பாணும் பிஸ்கற்றும் கொடுக்காதீர்கள். சுண்டிக்குளத்தில் பூநாரைக் கூட்டத்தைப் பறக்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு அந்த இரையும் ஓய்வும் உயிர். ட்ரோன் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். பிளாஸ்ரிக்கைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். கோடையில் தீக்குச்சி ஒன்றே போதும் ஒரு புல்வெளியைச் சாம்பலாக்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

உத்தியோகத்தரைக் கண்டால் ஊர் ஒதுங்குவதும், ஊரைக் கண்டால் உத்தியோகத்தர் சந்தேகப்படுவதும் வேட்டைக்காரனுக்கு மட்டுமே நன்மை. சட்டத்தைத் தெரிந்தவர் அவர்களிடம் நேராகப் பேசலாம். உதவியும் கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின், மாதர் சங்கத்தின், சனசமூக நிலையத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். 1990, 1992, 119, 117, 106 ஆகிய இலக்கங்களை எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். ஆபத்து வரும் நாளில் இந்த ஒழுங்கை மறக்காதீர்கள்: முதலில் ஆளின் உயிர், அடுத்து தகவல், அதற்குப் பிறகு எழுத்தில் முறைப்பாடு.